கயிற்றுக்குள் நெருப்பு
பாதுகாப்புத் திரி தோன்றிய வரலாறு

'திரி' என்னும் சொல்லைத் தமிழர் இரு வகையாக ஆளுகின்றனர். விளக்கில் இட்டு எரிக்கும் பஞ்சும் திரி. நாரைப் புரியாக்கி முறுக்கிக் கயிறு செய்வதும் திரித்தல். பொய் சொல்லுகிறவனைப் பார்த்துக் 'கயிறு திரிக்காதே' என்று கூறும் வழக்கமும் நம்மிடம் உண்டு. எரிவதும் முறுக்குவதும் ஆகிய இவ்விரண்டு பொருளும் ஒரே பொருளில் வந்து கூடிய நிகழ்ச்சி ஒன்று 1831ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் நடந்தது. அங்கே ஒரு தோல் வணிகர், கயிறு திரிக்கும் கொட்டகையில் கண்ட காட்சி ஒன்றைக் கொண்டு, வெடிமருந்தை உள்ளே அடக்கிய கயிறு ஒன்றைச் செய்தார். சுரங்கங்களிலும் கல்லுடைக்கும் மலைகளிலும் எண்ணற்ற தொழிலாளர்களின் உயிரையும் கண்ணையும் காத்த அந்தக் கயிற்றின் வரலாற்றைத் தோட்டப்புற வாசகர்கள் அறிந்துகொள்ளுதல் நலம். அதற்குக் காரணங்கள் சில உண்டு. அவை போகப் போக விளங்கும்.

ஈயம் விளைந்த நாடு

கார்ன்வால் என்பது அந்நிலப்பகுதியின் பெயர். மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த, பாறை மிகுந்த, மழையும் காற்றும் ஓயாத நிலம். மிகப் பழங்காலந்தொட்டே அங்கே ஈயமும் செம்பும் தோண்டியெடுத்தார்கள். நம் நாட்டில் கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயலம்பங்களில் ஈயம் மணலோடும் களிமண்ணோடும் கலந்து கிடந்தது. மண்ணை நீரால் கரைத்துக் கழுவினால் ஈயமணல் அடியில் தங்கும். கார்ன்வாலின் நிலை வேறு. அங்கே பூமிக்குள் ஆழமாகப் போயிருந்த கருங்கல்லின் வெடிப்புகளில் ஈயக்கல் கொடிபோல் ஓடிற்று. பாறையைப் பிளந்தால்தான் ஈயம், பிளக்காவிட்டால் கூலியில்லை.

பதினேழாம் நூற்றாண்டின் இறுதிக்காலத்தில் அங்கே வெடிமருந்தின் துணைகொண்டு பாறையைப் பிளக்கத் தொடங்கினர். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், ஒருவர் இரும்பு உளியைப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருக்க மற்றவர் சம்மட்டியால் அடித்து, பாறையில் குறுகிய ஆழமான துளை இடுவார்கள். துளையின் அடியில் வெடிமருந்தை இட்டு, மேலே களிமண்ணும் கல்தூளும் இட்டு இறுக்கமாக இடிப்பார்கள். இடிக்காவிட்டால் வெடியின் வேகம் துளையின் வாய் வழியாக வீணே வெளியேறிவிடும், பாறை பிளவாது.

இடித்து அடைத்த மருந்துக்கு நெருப்பு எப்படிப் போய்ச் சேரும்? இங்கேதான் தொல்லை பிறந்தது. இடிப்பதற்கு முன்பே நீண்ட ஊசி ஒன்றை மருந்துவரை செருகி வைப்பார்கள். இடித்து முடிந்தபின் அதனை மெல்ல உருவியெடுத்தால் மெல்லிய வழி ஒன்று கிடைக்கும். அவ்வழியில், மருந்து நிரப்பிய நாணற்குழலையோ வாத்தின் இறகுத் தண்டையோ ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகி, நுனியில் மெதுவாக எரியும் காகிதத் துண்டு ஒன்றை ஒட்டிப் பற்றவைத்துவிட்டு ஓடுவார்கள்.

இம்முறையின் ஒவ்வொரு படியிலும் ஓர் ஆபத்து காத்திருந்தது. இரும்பு ஊசி பாறையில் உரசினால் பொறி பறக்கும். இடிக்கும் கோல் கல்லில் மோதினாலும் அவ்வாறே. இறகுக் குழலுக்குள் மருந்து சற்றுத் தளர்வாக இருந்தால் நெருப்பு ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்துவிடும், ஓடுவதற்கு நேரமிராது. ஈரமோ இடைவெளியோ இருந்தால் நெருப்பு நடுவழியில் அணைந்ததுபோல் தோன்றிக் கனன்றுகொண்டிருக்கும். 'வெடிக்கவில்லையே' என்று தொழிலாளி திரும்பி வந்து குனிந்து பார்க்கும் வேளையில் அது வெடிக்கும். முன்னதைவிடப் பின்னது கொடியது எனலாம். ஓடிக்கொண்டிருப்பவனுக்கு முதுகில் படுவது, குனிந்து பார்ப்பவனுக்கு முகத்தில் பட்டது. கார்ன்வால் சுரங்க ஊர்களில் கண்ணிழந்தவர்களும் கையிழந்தவர்களும் பலராக இருந்தமைக்கு இதுவே பெருங்காரணம்.

தோல் வணிகரின் முயற்சி

வில்லியம் பிக்ஃபோர்டு 1774இல் டெவன் பகுதியிலுள்ள ஆஷ்பர்ட்டன் என்னும் ஊரில் பிறந்தவர். தோல் பதனிட்டு விற்பது அவர் தொழில். ட்ரூரோ நகரில் சில காலம் வணிகம் செய்தபின், கேம்போர்ன் நகருக்கு அண்மையிலுள்ள டக்கிங்மில் என்னும் சிற்றூரில் குடியேறினார். சுரங்கங்களின் நடுவே அமைந்த ஊர் அது. அவர் சுரங்கத் தொழிலாளியும் அல்லர். பொறியியல் கற்றவரும் அல்லர். அடிக்கடி நிகழும் விபத்துகளைக் கண்டும் கேட்டும் மனம் வருந்தி, இதற்கு ஒரு வழி காண வேண்டும் என்று முனைந்தார்.

அவருடைய முதல் முயற்சி பயன் தரவில்லை. மருந்தைத் தாள் உறையில் பொட்டலமாகக் கட்டி, அதனுடன் நெருப்புச் செல்லும் சிறு குழல் ஒன்றை இணைத்துப் பார்த்தார். அது நம்பத்தக்கதாக அமையவில்லை. வேறு ஒருவராயின் அத்தோடு விட்டிருப்பர்.

அவருக்கு அறிமுகமான கயிறு வணிகர் ஒருவர் அவ்வூரில் கயிற்றுக் கொட்டகை வைத்திருந்தார். ஒரு நாள் அங்கே சென்ற பிக்ஃபோர்டு, கயிறு திரிக்கும் தொழிலாளி பின்னோக்கி நடந்தபடி புரிகளை முறுக்கிக்கொண்டு போவதை நின்று பார்த்தார். பல புரிகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு வரும்போது அவற்றின் நடுவில் ஒரு சிறு வெற்றிடம் அமைகின்றது. 'அந்த நடுவிடத்தில் வெடிமருந்து மெல்லிய தாரையாக விழுந்துகொண்டேயிருந்தால் என்னாகும்?' என்ற எண்ணம் அவருக்கு உதித்தது. புரிகளே சுவராக, மருந்தே நடுத்தண்டாக, எவ்வளவு நீளமும் ஒரே சீராகச் செல்லும் நெருப்புவழி ஒன்று கிடைக்குமன்றோ!

கயிறு திரிப்பதன் நுட்பத்தைச் சற்று நினைவுகூர வேண்டும். புரியை ஒரு பக்கமாக முறுக்கினால் அது பிரிந்துவிடவே முயலும். முறுக்கிய புரிகளை ஒன்று சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்கினால், ஒன்றின் பிரியும் ஆசையே மற்றொன்றைப் பிணைக்கும் கட்டாக மாறுகின்றது. ஊரில் தென்னைநார்க் கயிறு திரித்த பெரியவர்கள் நம்மிடையே இருந்தால் இதனைத் தொடையிலேயே திரித்துக் காட்டுவார்கள். பிக்ஃபோர்டு செய்ததும் இதுவே. உள்ளே மருந்தைச் சூழ்ந்து ஓர் அடுக்கு நூல் ஒரு பக்கமாகச் சுற்றிற்று. அதன்மேல் மற்றோர் அடுக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றிற்று. ஆகவே கயிறு பிரியவில்லை. மருந்து உதிரவும் இல்லை. மேலே நீர் புகாதவாறு தார் போன்ற பூச்சு இட்டார்கள்.

இதனைச் செய்வதற்குரிய கருவியை உருவாக்குவதில் அவருக்குத் துணை நின்றவர் தாமஸ் டேவி என்ற சுரங்கத் தொழிலாளி. பிக்ஃபோர்டின் மருமகன் ஜார்ஜ் ஸ்மித்தும் இதில் பங்கு கொண்டார். நூல்களில் பிக்ஃபோர்டின் பெயரே பெரிதாகக் காணப்படுகின்றது, அது முறையே. ஆயினும் துளையிட்டு, இடித்து, பற்றவைத்து ஓடிய அனுபவமுடைய ஒருவரின் கை அக்கருவியில் பட்டிருந்தது என்பதை நாம் மறத்தல் ஆகாது. பின்னாளில் அந்நிறுவனத்தின் பெயரிலேயே டேவியின் பெயரும் சேர்ந்து நின்றது. தொழிலாளி ஒருவரின் பெயர் முதலாளிகளின் பெயரோடு பலகையில் எழுதப்பட்டது அக்காலத்தில் அரிய செய்தி.

1831 செப்டம்பர் 6ஆம் நாள் இக்கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. நாளடைவில் 'பாதுகாப்புத் திரி' என்ற பெயரே அதற்கு நிலைத்தது. பிக்ஃபோர்டு 1834இல் காலமானார். தாம் செய்த கயிறு உலகைச் சுற்றிவந்ததை அவர் காணவில்லை.

அடிக்கு முப்பது விநாடி

புதிய திரியின் சிறப்பு அதன் வேகத்தில் இல்லை. வேகம் மாறாமையில் இருந்தது. ஓர் அடி நீளம் எரிவதற்கு ஏறக்குறைய 30 விநாடி ஆயிற்று. இப்பொழுது ஒரு சிறு கணக்கு: ஒருவர் பாதுகாப்பான இடத்தை அடைய ஒன்றரை நிமிடம் வேண்டும் என்றால் அவருக்கு எத்தனை அடித் திரி வேண்டும்? ஒன்றரை நிமிடம் என்பது 90 விநாடி. 90ஐ 30ஆல் வகுத்தால் மூன்று அடி. இவ்வளவு எளிய கணக்கை அதற்கு முன்பு எந்தச் சுரங்கத் தொழிலாளியாலும் போட முடிந்ததில்லை. இறகுக் குழலுக்கு வாய்ப்பாடு ஏது? அது தன் மனம்போல் எரிந்தது. பாதுகாப்புத் திரியோ தொழிலாளியின் கையில் நேரத்தை அளந்து கொடுத்தது.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. விளக்குத் திரி எரிவதற்குக் காற்று வேண்டும். டம்ளரைக் கவிழ்த்து மூடினால் அணைந்துவிடும். வெடிமருந்து அவ்வாறன்று. அதில் கலந்துள்ள வெடியுப்பு, எரிவதற்கு வேண்டிய உயிர்வளியைத் தானே தருகின்றது. ஆகவேதான் களிமண் இட்டு இடித்து அடைத்த துளைக்குள்ளும், நீருக்குள்ளும்கூட இத்திரி எரிகின்றது. ஆகவேதான் பற்றிய திரியைக் காலால் மிதித்தோ விரலால் நசுக்கியோ அணைத்துவிடலாம் என்று எண்ணுவது பேதைமை ஆகின்றது. வெளியே புகை நின்றாலும் உள்ளே நெருப்பு நடந்துகொண்டிருக்கும்.

தொழிலாளர்கள் இத்திரியை உடனே வரவேற்றார்களா? இல்லை. அறியாமையே அதற்குக் காரணம் என்று எழுதுவோர் உண்டு. நான் அதனை ஏற்கவில்லை. கார்ன்வால் சுரங்கங்களில் ஒப்பந்த முறையில் வேலை நடந்தது. மெழுகுவர்த்தி, வெடிமருந்து, திரி ஆகியவற்றின் விலை தொழிலாளியின் வருவாயிலிருந்தே கழிக்கப்பட்டது. இறகுத் தண்டு ஏறக்குறைய செலவின்றிக் கிடைத்தது. புதிய திரிக்கோ காசு கொடுக்க வேண்டியிருந்தது. மாத முடிவில் கையில் வரும் கூலியே போதாத நிலையில், பாதுகாப்பையும் தன் காசில் வாங்க வேண்டுமென்றால் மனிதன் தயங்கமாட்டானா? நம் முன்னோர் கப்பற்செலவையும் முன்பணத்தையும் கூலியில் கழித்துக்கொடுத்த காலத்தை எண்ணிப் பார்த்தால், அந்தத் தயக்கத்தின் பொருள் நமக்கு எளிதில் விளங்கும். கையுறை, காலணி, முகக்கவசம் போன்ற பாதுகாப்புப் பொருள்களை இன்று முதலாளியே வழங்க வேண்டும் என்ற கொள்கையின் நியாயமும் இங்கேதான் இருக்கின்றது.

முதல் ஆண்டில் அத்தொழிற்சாலை செய்த திரியின் நீளம் 45 மைல். நூறாண்டு கழித்து ஓர் ஆண்டின் உற்பத்தி ஓர் இலட்சம் மைலைத் தாண்டியிருந்தது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்திலும் இத்தொழில் வேரூன்றியது. டக்கிங்மில் ஆலையில் திரி சுற்றியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நூல் நூற்கும் விரல்களின் பொறுமை அவ்வேலைக்கு வேண்டியிருந்தது. கீழே சுரங்கத்தில் கணவனும் மகனும் ஏந்திய திரியை மேலே ஆலையில் மனைவியும் மகளும் சுற்றினர். அப்பெண்கள் வேலை செய்த இடத்திலும் ஆபத்து இல்லாமல் இல்லை. சுற்றும் இயந்திரங்களுக்கு அருகே மருந்துத் தூள் பறந்துகொண்டேயிருக்கும் அன்றோ!

சட்டமும் கொட்டகையும்

அவ்வாபத்து கருதியே 1875இல் பிரிட்டனில் வெடிபொருள் சட்டம் இயற்றப்பட்டது. உரிமம் இல்லாமல் வெடிபொருள் செய்தல் ஆகாது. வேலைக் கொட்டகைகள் ஒன்றுக்கொன்று விலகி நிற்க வேண்டும். ஒவ்வொன்றிலும் இத்தனை பேர், இவ்வளவு மருந்து என்ற அளவு வேண்டும். பொறி எழுப்பும் இரும்புக் கருவிகளும் ஆணி அடித்த காலணிகளும் உள்ளே வரக்கூடாது. அதிகாரிகள் எந்நேரமும் வந்து பார்க்கலாம். இவ்விதிகள் ஒவ்வொன்றின் பின்னாலும் யாரோ ஒருவரின் உயிர் இருந்தது. கயிற்றுக் கொட்டகையில் தொடங்கிய தொழில் ஊர்நடுவே நிற்கத் தகாதது என்பதை உலகம் விலைகொடுத்தே கற்றது.

நம் நாட்டில் 1957ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டம் இவற்றைக் கட்டுப்படுத்துகின்றது. உரிமமின்றி வெடிபொருள் செய்வதும் வைத்திருப்பதும் சிறைத்தண்டனைக்குரிய குற்றங்கள். பட்டாசும் அதன் மருந்தும் இச்சட்டத்துக்குள் அடங்குவனவே.

தோட்டங்களில் கூட்டம் முடிந்தபின் இளைஞர்கள் சிலர் தயங்கித் தயங்கி வந்து கேட்பதுண்டு: "ஏன் சார், திரிதானே? நூலும் மருந்தும் இருந்தா நாமே ஒரு மிஷின் செஞ்சு சுத்திக்கலாமே?" தையல் இயந்திரத்தின் சக்கரத்தையும் மிதிவண்டிச் சங்கிலியையும் கொண்டு எதையும் செய்துகாட்டும் கைத்திறன் நம் இளைஞர்களிடம் உண்டு, அதனை நான் குறைத்துக் கூறமாட்டேன். ஆனால் மேலே சொன்ன வரலாற்றை அறிந்தவர்கள் அக்கேள்விக்குத் தாமே விடை கூறிவிடலாம்.

திரியைச் சுற்றுவது கடினமன்று. ஓர் அடியில் எரியும் நேரம் அடுத்த அடியிலும் அதுவாகவே இருக்கும்படி செய்வதுதான் கடினம். நூலின் இறுக்கம் ஓரிடத்தில் சற்றுத் தளர்ந்தாலும், மருந்து ஓரிடத்தில் சற்றுக் குறைந்தாலும் அத்திரி பழைய இறகுக் குழலாகவே ஆகிவிடுகின்றது. ஓரிடத்தில் பாயும்; மற்றோரிடத்தில் உறங்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. எந்த அங்குலம் பொய் சொல்லுகிறது என்பதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. ஆலைகளில் துண்டு துண்டாக வெட்டி எரித்துச் சோதிக்கும் முறை இதற்காகவே ஏற்பட்டது. அதுவுமன்றி, சுற்றும் இயந்திரம் என்றாலே உராய்வு உண்டு. உராய்வு உள்ள இடத்தில் வெப்பமும் மின்பொறியும் எழலாம். எழுந்தால் பற்றுவது கையிலுள்ள ஒரு முழத் திரி மட்டுமன்று. பக்கத்தில் வைத்திருக்கும் மருந்து முழுவதுமாகும். லயத்து வீட்டின் பின்கட்டிலும் சமையலறையிலும் நிகழ்ந்தால் அதன் விளைவைச் சொல்ல வேண்டுவதில்லை.

1991 மே 7ஆம் நாளைப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். சுங்கை பூலோவில் இயங்கிவந்த வாணவெடித் தொழிற்சாலையில் அன்று பிற்பகல் தீப்பற்றி வெடித்ததில் 26 பேர் மாண்டனர். காயமுற்றோர் நூற்றுக்கு மேற்பட்டோர். சுற்றிலுமிருந்த வீடுகளும் சேதமுற்றன. அரசாங்கம் விசாரணை ஆணையம் அமைத்து ஆராய்ந்தது. சுவரும் வாயிலும் உடைய தொழிற்சாலையிலேயே அவ்வாறு நேர்ந்தது என்றால் பின்கட்டைப் பற்றி என்ன கூறுவது?

நோன்புப் பெருநாள், தீபாவளி, சீனப் புத்தாண்டு ஆகிய பெருநாள் காலங்களில் விரலிழந்த, பார்வையிழந்த இளைஞர்களைப் பற்றிய செய்திகள் நாளேடுகளில் வருகின்றன. மூங்கில் பீரங்கியில் கார்பைடு இட்டுக் குனிந்து ஊதுபவர்களும், ஒரு பட்டாசைப் பிரித்து இன்னொன்றில் அடைப்பவர்களும் அவர்களுள் அடங்குவர். பால்மரம் சீவுபவனுக்குக் கத்தியைப் பிடிக்கும் விரல்களும் பட்டையின் ஆழத்தை அறியும் கண்ணுமே மூலதனம். ஒரு மில்லிமீட்டர் ஆழமாகப் போனால் மரம் புண்ணாகும் என்பதை விரல்தான் உணர்கின்றது. பெருவிரலை இழந்தவனுக்கு எந்த மண்டோரும் நிரை கொடுக்க முடியாது.

விபத்து நேர்ந்துவிட்டால் செய்யத்தக்கன சில. தீக்காயத்தின்மேல் குழாய்நீரை 20 நிமிடம் ஓடவிட வேண்டும். பனிக்கட்டி வைத்தல் ஆகாது. பற்பசை, கிச்சாப்பு, மை முதலியவற்றைத் தடவும் பழக்கத்தை அறவே விட்டொழிக்க வேண்டும்; அவை புண்ணைச் சீழ்பிடிக்கச் செய்யும், மருத்துவருக்கும் காயத்தை மறைக்கும். கண்ணில் பட்டிருந்தால் கசக்கவோ அழுத்தவோ கூடாது. விரல் துண்டுபட்டிருந்தால் அதனைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் இட்டுக் கட்டி, அப்பையைப் பனிக்கட்டியின்மேல் வைத்து, காயமுற்றவருடனேயே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். விரல் நேராகப் பனிக்கட்டியில் படலாகாது. சிலருக்கு அதனை மீண்டும் பொருத்த இயலும்.

நம் காட்டு மரத்தின் பால்

இத்திரியின் வரலாற்றில் மலாயாவுக்கும் ஓர் இடம் உண்டு. தார் பூசிய திரி ஈரமான இடத்துக்குப் போதுமானது. நீர் தேங்கிய துளைக்கும் கடலடிப் பாறைக்கும் அது போதவில்லை. அதற்கு வழிகாட்டியது நம் காடுகளில் வளர்ந்த தாபான் என்னும் மரம். அதன் பாலை 'கெத்தா பெர்ச்சா' என்பர். வெந்நீரில் இட்டால் களிமண்போல் குழையும், ஆறியதும் கெட்டிப்படும், ரப்பரைப்போல் இழுபடாது, நீர் சிறிதும் புகாது. மலாய்க்காரர்கள் அதைக் கொண்டு பாராங் கத்திக்குக் கைப்பிடி செய்தனர். சிங்கப்பூரில் பணியாற்றிய மருத்துவர் வில்லியம் மாண்ட்கோமரி அதன் மாதிரிகளை 1843இல் இலண்டனுக்கு அனுப்பினார். அப்பொருளை உறையாக இட்ட திரி நீருக்கடியிலும் தவறாது எரிந்தது. கடலடித் தந்திக் கம்பிகளுக்கும் அதுவே உறையாயிற்று.

ஆனால் ஒரு குறை. தாபான் மரத்தைச் சீவிப் பாலெடுக்கும் வழி கைவரவில்லை. மரத்தையே வெட்டிச் சாய்த்து, பட்டையில் வளையம் வளையமாகக் கீறி எடுத்தார்கள். ஒரு மரத்துக்குக் கிடைத்ததோ மிகச் சிறிது. காடுகாடாக மரங்கள் விழுந்தன. சில பத்தாண்டுகளில் சிங்கப்பூர்த் தீவிலும் தீபகற்பத்தின் பல பகுதிகளிலும் தாபான் அருகிவிட்டது. 1877இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த ரப்பர்க் கன்றுகளுக்கு அந்தக் கதி நேரவில்லை. தாவரவியல் தோட்டத்தின் இயக்குநராயிருந்த ரிட்லி, பட்டையை மெல்லியதாகச் சீவி மரம் சாகாமல் நாள்தோறும் பாலெடுக்கும் முறையை அந்நூற்றாண்டின் இறுதியில் செம்மைப்படுத்தினார். விடியுமுன் தலைவிளக்குடன் நிரையில் இறங்கும் ஒவ்வொரு தொழிலாளியும் அம்முறையின் வாரிசே.

சுரங்கத்தின் வழியாகவும் கார்ன்வாலுக்கும் நமக்கும் உறவு உண்டு. கோப்பெங், துரோனோ வட்டாரங்களில் ஈயம் எடுத்த நிறுவனங்களை நிருவகித்தவர்கள் கேம்போர்னுக்கு அடுத்துள்ள ரெட்ருத் நகரத்தவர். பகாங்கில் குவாந்தானுக்கு வடமேற்கேயுள்ள சுங்கை லெம்பிங்கில், கார்ன்வாலைப் போலவே கருங்கல்லைக் குடைந்து ஈயம் எடுத்தார்கள். அங்குள்ள சுரங்கவழிகளின் மொத்த நீளம் 300 கிலோமீட்டருக்கு மேல் என்பர். 1985இல் உலகச் சந்தையில் ஈயத்தின் விலை வீழ்ந்தது. 1986இல் அச்சுரங்கம் மூடப்பட்டது. இன்று அங்கே ஓர் அரும்பொருளகம் இருக்கின்றது. பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துச் செல்லத்தக்க இடம். கேம்போர்னுக்கு அருகே இறுதிவரை இயங்கிய சவுத் கிராஃப்டி ஈயச்சுரங்கமும் 1998இல் மூடப்பட்டது. கல்லுடைக்கும் மலைகளில் திரியின் இடத்தை மின்வெடிப்பிகளும் பிற முறைகளும் பெரும்பாலும் எடுத்துக்கொண்டன.

தோட்டத்துக்கு அருகில் கல்லுடைக்கும் மலையோ கைவிடப்பட்ட சுரங்கமோ இருக்குமாயின் பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிறுவிரல் அளவுள்ள, ஒரு முனை மூடிய உலோகக் குழலில் கம்பியோ திரியோ இணைந்திருப்பதைப் பிள்ளைகள் கண்டெடுத்துக் கொண்டுவரக்கூடும். பளபளப்பாக இருப்பதால் விளையாட்டுப் பொருளென்று எண்ணிக் கல்லால் தட்டுவார்கள். அது வெடிப்பியாக இருக்கலாம். மண்ணில் பல ஆண்டுகள் கிடந்தபின்னும் அதன் வேகம் போகாது. தொடாமலும் நகர்த்தாமலும், கண்ட இடத்தில் அடையாளமாகக் கிளை ஒன்றை நட்டு, பிள்ளைகளை விலக்கிவிட்டு, தோட்ட அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் தெரிவிக்க வேண்டும். அவசரத் தொலைபேசி எண் 999.